சிகாகோவின் வானளாவிகள்: போகுமுன் பலரும் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் சிகாகோவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஒரு கோபுரத்தின் மேல் ஏறி, கண்ணாடித் தரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதைவிட நல்ல விஷயங்கள் அந்த ஊரில் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் இலவசமாகவே.

உயரமான கட்டடங்கள் நியூயார்க்கிலும் துபாயிலும் இல்லையா? எதற்குச் சிகாகோ?

உயரம் மட்டும்தான் வேண்டுமென்றால் சிகாகோவுக்குப் போகத் தேவையில்லை. உயரமாகக் கட்டுவதை மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்ட கதை முழுவதும் ஒரே ஊரில் நிற்கிறது என்பதுதான் அங்கே விசேஷம். 1891இல் செங்கல் சுவரை நம்பி எழுப்பிய 16 மாடிக்கும், 2020இல் முடிந்த 363 மீட்டர் கண்ணாடிக் கோபுரத்துக்கும் இடையே அரை மணி நேர நடைதான்.

1871 அக்டோபரில் பெரிய தீ ஒன்று ஊரின் நடுப்பகுதியை விழுங்கியது. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். திரும்பக் கட்டும்போது நடு ஊரில் நிலத்தின் விலை எகிறியது. பக்கவாட்டில் விரிய ஒருபுறம் ஏரி, இன்னொருபுறம் ஆறு, ரயில் பாதைகள். மேலே போவதைத் தவிர வழியில்லை. ஆட்களை ஏற்றும் லிஃப்ட்டும் மலிவான எஃகும் அதே காலத்தில் கைக்கு வந்ததால் ஆசையும் வசதியும் கூடிவந்தன. ஆனால் கீழே இருந்தது பாறை அல்ல, ஏரிக்கரைக் களிமண். அந்தக் களிமண்ணோடு போட்ட சண்டைதான் சிகாகோவின் பாதிக் கதை.

அதனால் அண்ணாந்து உச்சியைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இவ்வளவு எடையும் எங்கே, எப்படித் தரையில் இறங்குகிறது என்று ஒவ்வொரு கட்டடத்தின் காலடியிலும் பாருங்கள். அதைப் பார்க்கப் பழகிவிட்டால் அடுத்தடுத்த கட்டடங்கள் தாமாகவே பேச ஆரம்பித்துவிடும்.

உலகின் முதல் வானளாவி அங்கேதான் இருக்கிறதாமே?

இருந்தது. ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் என்று பெயர். வில்லியம் லெ பாரன் ஜென்னி வடிவமைத்து 1885இல் முடிந்தது. 10 மாடி, சுமார் 42 மீட்டர். பிறகு மேலே இரண்டு மாடி சேர்த்தார்கள். 1931இல் இடித்தும்விட்டார்கள். லசால் தெருவும் ஆடம்ஸ் தெருவும் சந்திக்கும் அந்த இடத்தில் இப்போது 1934இல் முடிந்த வேறொரு பெரிய கட்டடம் நிற்கிறது.

‘முதல்’ என்ற பட்டம் பற்றியும் சண்டை ஓயவில்லை. சுமையை இரும்பு, எஃகுச் சட்டகம் தாங்கியது என்பதற்காகத்தான் அந்தப் பட்டம். ஆனால் அதில் ஒரு பங்கைக் கல்லும் செங்கல்லும்கூடத் தாங்கின என்பது எதிர்வாதம். பயணிக்கு இந்த வழக்கு தேவையில்லை. இடிந்ததை விடுங்கள், நிற்பதைப் பாருங்கள்.

சரி, ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. எப்படிச் சுற்றுவது?

காலையில் தெற்கே தொடங்கி வடக்கே நடங்கள். லசால் தெரு ஜாக்சன் தெருவில் போய் முட்டும் இடத்தில் போர்ட் ஆஃப் டிரேட் கட்டடம் (1930). அங்கிருந்து இரண்டு நிமிடத்தில் ரூக்கரி. கிழக்கே நடந்தால் மொனாட்நாக். அதற்கு எதிரே கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹேயின் கறுப்பு எஃகுக் கட்டடங்கள், நடுவே அலெக்சாண்டர் கால்டர் செய்த பெரிய சிவப்புச் சிற்பம். அப்புறம் ஸ்டேட் தெரு வழியாக வாஷிங்டன் தெருவுக்கு வந்தால் ரிலையன்ஸ் கட்டடம். மதியம் மிஷிகன் அவென்யூ பாலத்தின் நடுவில் நின்று ரிக்லி கட்டடம், டிரிப்யூன் கோபுரம் இரண்டையும் பார்த்துவிட்டு, பாலத்தடியில் படகு ஏறுங்கள். மாலையில் தெம்பு மிச்சமிருந்தால் ஹான்காக் கோபுரம். இல்லையென்றால் அதை விட்டுவிடலாம், படகை மட்டும் விடாதீர்கள்.

16 மாடிப் பழைய செங்கல் கட்டடத்தில் அப்படி என்ன இருக்கிறது?

மொனாட்நாக்கைத்தானே கேட்கிறீர்கள்? எனக்கு அந்த ஊரிலேயே பிடித்த கட்டடம் அது. நேரம் இல்லையென்றால் ஊரிலேயே உயரமான வில்லிஸ் கோபுரத்தைக்கூட விட்டுவிட்டு இதைப் பார்க்கச் சொல்வேன்.

வடபாதியைக் கட்டடக் கலைஞர்கள் டேனியல் பர்ன்ஹாமும் ஜான் ரூட்டும் 1891இல் முடித்தார்கள். எஃகுச் சட்டகம் வந்துவிட்ட காலம்தான், ஆனாலும் உரிமையாளர்கள் செங்கல்லையே கேட்டார்கள். செங்கல் சுவர் உயர உயர அடியில் தடித்துக்கொண்டே போக வேண்டும். தரைத்தளத்தில் சுவரின் கனம் 6 அடி. தெருவோர ஜன்னல் ஒன்றின் பக்கத்தில் நின்று, கண்ணாடி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஆள் உள்ளே படுத்துக்கொள்ளலாம். வாடகைக்கு விட வேண்டிய இடத்தைச் சுவரே தின்றுகொண்டிருக்கிறது. செங்கல்லை நம்பி இதற்கு மேல் உயரம் போவது கட்டுப்படியாகாது என்பதற்கு இந்த ஒரு ஜன்னலே சாட்சி.

அதே கட்டடத்தின் தென்பாதி 1893இல் முடிந்தது, வேறு நிறுவனம், எஃகுச் சட்டகம். டியர்பார்ன் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒட்டியிருக்கும் இடம் தெரியும். இடையில் இரண்டே ஆண்டு, ஆனால் கட்டடக்கலை வேறு யுகத்துக்குப் போய்விட்டது.

களிமண்ணும் தன் வேலையைக் காட்டியது. கட்டடம் 8 அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். காலப்போக்கில் சுமார் 20 அங்குலம் இறங்கிவிட்டது. நுழையும்போது படி ஒன்று கீழே இறங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். உள்ளே கட்டடத்தின் நீளம் முழுவதும் ஒரு நடைகூடம் ஓடுகிறது, இருபக்கமும் சின்னச் சின்னக் கடைகள். வேலை நேரத்தில் யாரும் நடந்துபோகலாம். வடபாதியின் படிக்கட்டுகளில் அலுமினியம் பயன்படுத்தியிருக்கிறார்கள். அலுமினியம் அபூர்வமாக இருந்த காலத்தில் கட்டடத்தில் அதைப் பயன்படுத்திய ஆரம்பகால உதாரணங்களில் இதுவும் ஒன்று.

மேலே ஏறிப் பார்ப்பதென்றால் வில்லிஸா, ஹான்காக்கா?

வில்லிஸ் கோபுரத்தின் பார்வைத் தளம் 103ஆம் மாடி, 412 மீட்டர் உயரத்தில். ஹான்காக்கின் பார்வைத் தளம் 94ஆம் மாடி. உயரம், பெயர், சுவருக்கு வெளியே நீட்டிய கண்ணாடித் தரைப் பெட்டி எல்லாம் வில்லிஸுக்கு. காட்சி ஹான்காக்குக்கு. ஹான்காக் ஏரிக்கரையை ஒட்டி நிற்கிறது. ஒருபுறம் வளைந்து போகும் கரை, இன்னொருபுறம் தெற்கே ஊரின் கோபுரக் கூட்டம் மொத்தமும் எதிரே. வில்லிஸில் ஏறினால் வில்லிஸ் தெரியாது, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் அல்லவா? என்னைக் கேட்டால் ஹான்காக், அதுவும் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்.

இரண்டு பெயர்க் குழப்பங்கள். வில்லிஸின் பழைய பெயர் சியர்ஸ் கோபுரம். 2009இல் பெயர் மாறியது. ஊர்க்காரர்கள் பலர் இன்னும் சியர்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஹான்காக்கும் 2018இல் அந்தப் பெயரை இழந்து, இப்போது ‘875 நார்த் மிஷிகன் அவென்யூ’ என்ற முகவரியாகவே அழைக்கப்படுகிறது. டாக்சிக்காரரிடம் ஹான்காக் என்றாலே போதும்.

ஹான்காக்கின் 95ஆம் மாடி உணவகத்தில் உட்கார்ந்தால் டிக்கெட் காசு மிச்சம் என்று பழைய வழிகாட்டிகளில் படித்திருப்பீர்கள். அந்த உணவகம் 2023இல் மூடப்பட்டுவிட்டது.

எதில் ஏறினாலும் முதலில் மேகத்தைப் பாருங்கள். உச்சி மேகத்துக்குள் இருக்கும் நாளில் காசு கொடுத்து ஏறினால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கலாம். இன்று எவ்வளவு தூரம் தெரிகிறது என்று டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வில்லிஸின் கண்ணாடிப் பெட்டியில் விரிசல் விட்டதாகப் படித்தேன். பயமில்லையா?

2014 மே மாதம் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும்போது காலடியில் விரிசல் ஓடியது உண்மைதான். ஆனால் விரிந்தது தாங்கும் கண்ணாடி அல்ல, அதன் மேல் கீறல் விழாமல் இருக்கப் பூசிய பாதுகாப்புப் படலம். அடியில் அரை அங்குலக் கண்ணாடி மூன்று அடுக்கு இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் 5 டன் தாங்கும்படி செய்யப்பட்டது. இந்த விவரமெல்லாம் தெரிந்தும் முதல் அடி வைக்கக் கால் கூசும். அதற்குப் புள்ளிவிவரம் மருந்தல்ல.

வில்லிஸ் கோபுரத்தைக் கட்டியது வங்கதேசத்துக்காரர் என்கிறார்களே?

ஃபஸ்லுர் ரஹ்மான் கான். கட்டமைப்புப் பொறியாளர். 1929இல் டாக்காவில் பிறந்தவர், 1952இல் இலினாய் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர், பிறகு சிகாகோவின் ஸ்கிட்மோர் ஓவிங்ஸ் மெரில் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமும் இவரும் ஜோடி. ஹான்காக், வில்லிஸ் இரண்டும் இந்த ஜோடியின் வேலை.

கட்டடம் உயர உயர அதற்குச் சவால் தன் எடை மட்டும் அல்ல, பக்கவாட்டில் தள்ளும் காற்று. பழைய முறையில் தூண்களையும் விட்டங்களையும் உள்ளே நெருக்கமாக அடுக்கித் தாங்கினார்கள், உயரம் கூடினால் எஃகு கண்டபடி கூடியது. வெளிச்சுவரையே ஒரு குழாயாக விறைப்பாக்கிவிட்டால் காற்றை அதுவே தாங்கும், உள்ளே தூண்கள் குறையும் என்பது கானின் யோசனை. ஹான்காக்கின் முகத்தில் பெருக்கல் குறிகளாகத் தெரியும் பெரிய எஃகுப் பட்டைகள் அலங்காரம் அல்ல, அந்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் எலும்புகள். பலன் என்ன தெரியுமா? நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 206 கிலோ எஃகு. 100 மாடி ஹான்காக்கில் சுமார் 145 கிலோ.

வில்லிஸில் ஒரு படி மேலே போனார். ஒன்றல்ல, ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டினார். கிரஹாம் கையில் ஒரு கொத்து சிகரெட்டைப் பிடித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு உயரத்துக்குத் தள்ளிக் காட்டித்தான் இந்த எண்ணத்தை விளக்கினார் என்று சொல்வார்கள். ஒன்பதில் இரண்டு 50ஆம் மாடியில் நின்றுவிடும், இரண்டு 66இல், மூன்று 90இல். கடைசி இரண்டு மட்டும் உச்சி வரை. தெருவில் நின்று எண்ணிப் பார்க்கலாம், எதிர் மூலையில் இருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

1971 போரின்போது சிகாகோவிலிருந்தே வங்கதேசத்துக்காக நிதி திரட்டியவர் கான். 1982இல் ஜெத்தாவில், 52 வயதில் இறந்தார். வில்லிஸ் கோபுரத்தின் அருகே ஒரு தெருச் சந்திப்பில் அவர் பெயர்ப் பலகை இருக்கிறது. பக்கத்தில் நூறு பேர் செல்ஃபி எடுப்பார்கள், பலகையை யாரும் பார்ப்பதில்லை. ஊரின் வடக்கே கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பர்ன்ஹாம், ரூட், லூயிஸ் சல்லிவன், மீஸ் என்று ஊரின் பெரிய கட்டடக் கலைஞர்கள் பலரும் அங்கேதான். கட்டடக்கலையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு அங்கே அரை நாள் போதாது.

உச்சியில் ஆண்டெனா இருந்தும் வில்லிஸ் எப்படிப் பட்டத்தை இழந்தது?

1970களின் நடுவிலிருந்து 1998 வரை உலகின் உயரமான கட்டடம் வில்லிஸ்தான், 442 மீட்டர். கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் 452 மீட்டரோடு வந்து பட்டத்தை எடுத்துக்கொண்டன. ஆண்டெனாவோடு சேர்த்தால் வில்லிஸ் 527 மீட்டர். அதன் மிக உயரமான மாடியும் பெட்ரோனாஸின் மாடியைவிட மேலேதான். ஆனால் கட்டடத்தின் வடிவத்தோடு சேர்ந்த கூர்முனை கணக்கில் உண்டு, பின்னால் நட்ட ஆண்டெனா கிடையாது என்பது விதி. விதியை முடிவு செய்யும் சர்வதேச உயர் கட்டட அமைப்பின் தலைமையகம் இருப்பது எங்கே? சிகாகோவில். சொந்த ஊர் என்று அவர்கள் சலுகை காட்டவில்லை. 2013இல் நியூயார்க்கின் ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டரின் உச்சிக் கம்பத்தைக் கூர்முனை என்று ஏற்று, அமெரிக்காவின் உயரமான கட்டடம் என்ற பட்டத்தையும் வில்லிஸிடமிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

படகுப் பயணம் அவ்வளவு அவசியமா?

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் இதற்குச் செய்யுங்கள். தெருவில் நின்றால் எதிர்க் கட்டடம் கழுத்தை வலிக்கவைக்கும், முழுதாகத் தெரியாது. ஆறு உங்களுக்குத் தேவையான தூரத்தைக் கொடுக்கிறது. சிகாகோ கட்டடக்கலை மையம் நடத்தும் பயணம் சுமார் ஒன்றரை மணி நேரம். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் விளக்குகிறார்கள், அதில் பலருக்கு அந்த ஊரின் மேல் பிரியம் அதிகம். வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் முடியும் வரைதான் ஓடும். எந்தப் பக்கம் உட்காருவது என்று அடித்துக்கொள்ள வேண்டாம், போன வழியே திரும்பி வரும்.

ஆற்றிலிருந்து மட்டுமே சரியாகப் புரியும் ஒன்று 150 நார்த் ரிவர்சைடு (2017). ஆற்றுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே மிஞ்சிய ஒரு ஒல்லியான துண்டு நிலம், யாரும் பல காலம் தொடவில்லை. அதில் 54 மாடியை நிற்க வைத்தார்கள். கீழே சில மாடிகளுக்கு வெறும் நடுத்தண்டு மட்டும், அதன் மேல் இருபக்கமும் சாய்ந்து விரிந்து முழு அகலத்துக்குப் போகிறது. ‘காலடியைப் பாருங்கள்’ என்று சொன்னேனே, இதற்கு மேல் உதாரணம் கிடையாது. காற்றில் ஆடாமல் இருக்க உச்சியில் பெரிய தண்ணீர்த் தொட்டிகள். கட்டடம் ஒருபக்கம் அசைந்தால் தண்ணீர் மறுபக்கம் அலைந்து அசைவைக் குறைக்கும்.

கார்கள் ஓரத்தில் நிற்கும் அந்த வட்டக் கோபுரங்கள் என்ன?

மரீனா சிட்டி. 1960களில் பெர்ட்ரண்ட் கோல்ட்பெர்க் வடிவமைத்தது, இரண்டு கோபுரங்கள், ஒவ்வொன்றும் 65 மாடி. ஊர்க்காரர்கள் செல்லமாகச் சோளக்கதிர்கள் என்பார்கள். கீழே 19 மாடி உயரத்துக்குச் சுழன்று ஏறும் கார் நிறுத்தம், மேலே வீடுகள். கார்களின் பின்பக்கம் ஆற்றைப் பார்த்து வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது யாருக்கும் கொஞ்சம் வயிறு கலங்கும்.

வடிவத்தைவிட அதைக் கட்டிய காரணம் எனக்குப் பிடிக்கும். வசதியானவர்கள் நடு ஊரைவிட்டுப் புறநகருக்குக் குடிபோய்க்கொண்டிருந்த காலம். கட்டடப் பராமரிப்புத் தொழிலாளர்களின் சங்கம், ஊர் காலியானால் தங்கள் ஆட்களுக்கு வேலை இருக்காது என்று உணர்ந்து, மக்களை நடு ஊரிலேயே குடிவைக்க இதற்குப் பணம் போட்டது. கடை, திரையரங்கு, படகுத்துறை எல்லாம் உள்ளேயே. வீடுகள் நடுத்தண்டிலிருந்து இதழ்களாக விரிவதால் அறைகளுக்கு வழக்கமான செங்கோண மூலைகள் கிடைப்பது அரிது. கட்டில் வாங்கிப் போடுகிறவர்கள் பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

புதிய கட்டடங்களில் எதைப் பார்க்கலாம்?

ஜீன் கேங் என்ற பெண் கட்டடக் கலைஞரின் இரண்டு. முதலாவது அக்வா, 2009-10இல் முடிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணக் கண்ணாடிக் கோபுரம். அடியில் வந்து அண்ணாந்து பாருங்கள், பால்கனிகள் ஒவ்வொரு மாடியிலும் வேறு வேறு வளைவில் 12 அடி வரை நீண்டு, முகம் முழுவதும் அலையடிக்கும். அந்த அலை அழகுக்கு மட்டும் அல்ல, மோதும் காற்றைச் சிதறடிக்கிறது.

இரண்டாவது செயின்ட் ரெஜிஸ், 2020, 101 மாடி. பெண் ஒருவர் வடிவமைத்த கட்டடங்களில் உலகிலேயே உயரமானது. 83ஆம் மாடியில் ஜன்னலே கிடையாது, காற்று புகுந்து போகட்டும் என்று வெறுமனே திறந்து விட்டிருக்கிறார்கள். ஆற்றின் முகத்துவாரப் பக்கமிருந்து பார்த்தால் உச்சிக்குக் கீழே ஒரு கறுத்த கோடாக அது தெரியும்.

டிரம்ப் கோபுரத்தைப் பற்றியும் கேட்பார்கள். 2009, கூர்முனையோடு 423 மீட்டர். ஊரின் இரண்டாவது உயரமான கட்டடம். பெயரின் அரசியலை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்த்தால், உடல் படிப்படியாகக் குறுகும் இடங்கள் பக்கத்துக் கட்டடங்களின் உயரத்துக்குச் சரியாக அமைந்திருக்கும். அதன் கட்டடக் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தான் துபாயின் புர்ஜ் கலீஃபாவையும் வடிவமைத்தவர்.

காசு கொடுக்காமல் உள்ளே போகக்கூடியவை உண்டா?

உண்டு. வேலை நாளில் ரூக்கரியின் முன்கூடம். 1888இல் கட்டியது, வெளியே கனத்த சிவப்புக் கல், உள்ளே நுழைந்தால் கண்ணாடிக் கூரையின் கீழ் வெளிச்சமான முற்றம். 1905 வாக்கில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் அதைப் புதுப்பித்து வெள்ளைப் பளிங்கும் பொன்னிற வேலைப்பாடும் சேர்த்தார். வெளியே இருக்கும் முகத்தைப் பார்த்து யாரும் இதை எதிர்பார்க்க மாட்டார்கள்.

ரிலையன்ஸ் கட்டடம் (1895) இப்போது விடுதி. சட்டகம் சுமையைத் தாங்குவதால் சுவரின் பெரும்பகுதியைக் கண்ணாடியாக்கிவிட்டார்கள். மொனாட்நாக்குக்கு நாலே வருடம் கழித்து என்று நினைத்துப் பாருங்கள். அதைக் கட்டிய விதமும் வேடிக்கை. பழைய கட்டடத்தின் மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் குத்தகை முடியும்வரை காலி செய்ய மாட்டோம் என்றதால், அவர்களைத் திருகு ஜாக்கிகளின் மேல் தாங்கிவைத்துவிட்டுக் கீழே புது அஸ்திவாரத்தையும் தரைத்தளத்தையும் போட்டார்கள்!

அக்டோபரில் போகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. ‘ஓப்பன் ஹவுஸ் சிகாகோ’ என்று ஒரு வார இறுதியில், வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல கட்டடங்களை இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள்.

தாஜ்மகாலின் கல் சிகாகோவில் இருக்கிறதாமே?

டிரிப்யூன் கோபுரத்தின் கீழ்ச்சுவரில் பதித்திருக்கிறார்கள், பெயர் பொறித்து. எகிப்துப் பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், பார்த்தினான், அங்கோர் வாட் என்று நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள். கோபுரத்தைக் கட்டிய டிரிப்யூன் பத்திரிகையின் முதலாளி தன் நிருபர்களை உலகமெங்கும் இருந்து கொண்டுவரச் செய்தவை. எப்படிக் கிடைத்தன என்று கேட்டால் கொஞ்சம் நெருடும். நடைபாதையில் நின்றே கையால் தொடலாம்.

1922இல் இந்தக் கோபுரத்துக்காக நடந்த போட்டியில் உலகெங்கிலுமிருந்து 260க்கு மேற்பட்ட வடிவங்கள் வந்தன. முதல் பரிசு 50,000 டாலர். ஜெயித்தது தேவாலய பாணி உச்சி. இரண்டாம் பரிசு வாங்கிய ஃபின்லாந்தின் எலியல் சாரினென் அனுப்பிய வடிவத்தைத்தான் பின்னால் பல ஊர்களில் பின்பற்றினார்கள். எதிரே இருக்கும் ரிக்லியின் வெள்ளை ஓடுகளையும் கவனியுங்கள், மேலே போகப்போக வெண்மை கூடும்படி பல சாயல்களில் செய்தது.

கறுப்புக் கண்ணாடிப் பெட்டிகளில் ரசிக்க என்ன இருக்கிறது?

முதல் பார்வைக்கு ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஏரிக்கரை சாலையில் மீஸ் 1951இல் முடித்த 860-880 என்ற இரட்டைக் குடியிருப்பின் ஜன்னல்களுக்கு இடையே செங்குத்தாக ஓடும் எஃகு விட்டங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உண்மையான எஃகுத் தூணைத் தீ விதிப்படி கான்கிரீட்டில் மூடியாக வேண்டும், வெளியே தெரியாது. உள்ளே எஃகு இருக்கிறது என்று காட்ட வெளியே தனியாக விட்டங்களை ஒட்டினார். நேர்மைக்குப் பேர்போனவர் செய்த அலங்காரம்! அதற்கப்புறம் உலகமெங்கும் அந்த முகத்தை நகல் எடுத்தார்கள், பெரும்பாலும் மோசமாக.

எதையாவது விட்டுவிடலாம் என்றால்?

ஏயான் சென்டர், 346 மீட்டர். அருகில் போய்ப் பார்க்க அதிகம் இல்லை, ஆனால் கதை கேட்கத் தகுந்தது. 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் கராராப் பளிங்கு சுமார் 43,000 பலகைகளால் முழுவதும் போர்த்தினார்கள். பலகைகள் மெல்லியவை. சிகாகோவின் வெயிலும் உறைபனியும் மாறி மாறித் தாக்கியதில் வளையத் தொடங்கின. 1990-92இல் அத்தனையையும் கழற்றிவிட்டு வெள்ளைக் கிரானைட் வைத்தார்கள். செலவு 8 கோடி டாலருக்கு மேல்.

எந்த மாதம் போவது நல்லது?

மே முதல் அக்டோபர் வரை. செப்டம்பர் எனக்குப் பிடித்தது. குளிர்காலத்தில் படகு இல்லை, ஏரிக்காற்று காதை அறுக்கும். பனி பெய்த மறுநாட்களில் கோபுரங்களின் அடியில் நடைபாதையில் ‘பனிக்கட்டி விழும், கவனம்’ என்ற பலகைகளை வைப்பார்கள். அது சும்மா வைப்பதல்ல. அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து படம் எடுக்க வேண்டாம், எதிர்ப்பக்கம் போய் எடுங்கள்.

இரவில் விளக்கு அலங்காரம் இருக்குமா?

இருக்கும், ஆனால் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பல கோபுரங்கள் இரவு 11 மணிக்கு மேல் அலங்கார விளக்குகளை அணைத்துவிடும். சிகாகோ பறவைகள் வலசை போகும் வழியில் இருக்கிறது. வெளிச்சத்தில் திசை குழம்பி கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்பதால் இந்த ஏற்பாடு. படம் எடுக்க வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த உடனே எடுத்துவிடுங்கள். கோபுரக் கூட்டம் மொத்தமும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் ஆட்லர் கோளரங்கத்தின் பக்கம் ஏரிக்கரை, ஹான்காக் முன்னால் வர வேண்டுமென்றால் நார்த் அவென்யூ கடற்கரை. ஏரிதான், ஆனால் அங்கே கடற்கரை என்றுதான் சொல்வார்கள்.

ஓஹேர் விமான நிலையத்தில் ஏழெட்டு மணி நேரம் காத்திருப்பு. ஊருக்குள் போய் வரலாமா?

விசா சரியாக இருந்து, பெட்டியைச் சுமக்க வேண்டியதில்லை என்றால் போகலாம். நிலையத்திலிருந்தே நீலத்தட ரயில் ஓடுகிறது, நடு ஊருக்கு முக்கால் மணி நேரம். ஜாக்சன் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் மொனாட்நாக் பக்கத்திலேயே. அதையும் மீஸின் கறுப்புக் கட்டடங்களையும் ரூக்கரியையும் இரண்டு மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிட்டு அதே நிலையத்தில் ரயில் ஏறுங்கள். கோபுரத்தில் ஏறும் ஆசை வேண்டாம், வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் ஓஹேரில் இருக்கும்படி கிளம்பிவிடுங்கள், பாதுகாப்புச் சோதனை வரிசையும் அப்படித்தான்.